நல்ல இழைப்புளி எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

4ஆம் எண் ஸ்மூதர் (கடைசியாகப் பரப்பை வழவழப்பாக்கும் இழைப்புளி) வாங்கப் போகிறேன். லீ-நீல்சனா, வெரிட்டாஸா? படித்துப் படித்துக் குழம்பிப் போய்விட்டேன் சார், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

உங்கள் கையைப் பார்க்காமல் ஒன்றைச் சொல்வது கஷ்டம். இரண்டுமே பெட்டியிலிருந்து எடுத்து, பிளேடை ஒருமுறை தீட்டிவிட்டு அன்றைக்கே வேலையில் இறக்கக்கூடியவை. அடிப்பாகம் மட்டமாக இருக்கும். டக்டைல் இரும்பு வார்ப்பு என்பதால், மேசையிலிருந்து நழுவி விழுந்தால் பழைய வார்ப்பிரும்பு போல விரிசல் விட்டுவிடாது.

வித்தியாசம் பிடியிலும் பிளேடை நகர்த்தும் விதத்திலும்தான் இருக்கிறது. 1981இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய லீ-நீல்சன், பழைய இழைப்புளி நிறுவனமான ஸ்டான்லியின் பெட்ராக் வடிவத்தை எடுத்துச் செம்மைப்படுத்தியது. ஆழத்துக்கு ஒரு பித்தளைச் சக்கரம், பக்கவாட்டுக்குத் தனி நெம்புகோல். மூன்று விரலால் பிடியைப் பிடித்துக்கொண்டு தள்ளும்போதே ஆள்காட்டி விரலால் அந்தச் சக்கரத்தை ஒரு சின்னத் திருகு திருகி, சுருள் எங்கே தடிக்கிறது எங்கே மெலிகிறது என்று பார்த்தபடியே வேலை செய்யலாம். எனக்கு அது பழக்கமாகிவிட்டது, விட முடியவில்லை.

கனடாவின் வெரிட்டாஸில் ஆழமும் பக்கவாட்டும் ஒரே தண்டில் இருக்கும்: திருகினால் ஆழம், அசைத்தால் பக்கம். மிக நுணுக்கமானது, அதனால் முதல் வாரம் பலர் தேவைக்கு மேல் திருகிவிட்டு எரிச்சல் படுவார்கள். வாய்க்கு (அடியில் பிளேடு எட்டிப் பார்க்கும் திறப்பு) பக்கத்தில் இரண்டு பக்கமும் குட்டித் திருகுகள் உண்டு. பிளேடைக் கழற்றித் தீட்டி மறுபடி போட்டால் அது அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். அடிக்கடி தீட்டுகிறவருக்கு இது பெரிய சௌகரியம்.

பிடி வெரிட்டாஸில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும், லீ-நீல்சனில் முன்னால் சாயும். மேசை உயரமாக இருந்தால் நிமிர்ந்த பிடி மணிக்கட்டுக்கு இதம். முடிந்தால் தெரிந்தவர் பட்டறையில் இரண்டையும் பத்து நிமிடம் தள்ளிப் பாருங்கள். பழைய ஸ்டான்லியில் கற்றுக்கொண்டவர் என்றால் லீ-நீல்சன், புதிதாக ஆரம்பிக்கிறவர் என்றால் வெரிட்டாஸ், இதுதான் என் கணக்கு.

முதல் இழைப்புளியாக லோ ஆங்கிள் ஜாக் (பிளேடு தாழப் படுத்திருக்கும் நடுத்தர நீள இழைப்புளி) ஒன்று போதும், எல்லா வேலையும் அதிலேயே ஆகிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. இதில் பிளேடு 12 டிகிரியில் படுத்திருக்கும், தீட்டிய சாய்வு மேல்பக்கம் இருக்கும். அதனால் வெட்டுகிற கோணம் நீங்கள் எப்படித் தீட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 25 டிகிரியில் தீட்டினால் மொத்தம் 37, பலகையின் முனையில் குறுக்கே வெட்டுவதற்கு அருமையாக இருக்கும். 38இல் தீட்டினால் 50, எதிர்நாரில் பிய்வது குறையும். வாயையும் முன்னால் உள்ள தகட்டை நகர்த்தி நொடியில் இறுக்கலாம். இரண்டு பிளேடு வைத்துக்கொண்டால் ஒரே உடலில் இரண்டு கருவி.

ஆனால் இரண்டு சங்கடங்களை விற்கிறவர்கள் சொல்வதில்லை. பலகையைத் தடியாகச் சீவ வளைந்த விளிம்பு வேண்டும் அல்லவா, பிளேடு இவ்வளவு படுத்திருக்கும்போது அந்த வளைவின் சிறு பங்குதான் அடியில் எட்டிப் பார்க்கும். 45 டிகிரி இழைப்புளியில் கிடைக்கும் அதே ஆழம் இதில் வேண்டுமென்றால், வளைவை மூன்று மடங்குக்கு மேல் தீட்ட வேண்டும். இன்னொன்று, தேய்மானம் பிளேடின் தட்டையான பக்கத்தில் விழும். சாய்வை மட்டும் தீட்டிவிட்டு "கூராகத்தானே இருக்கிறது, ஏன் வெட்டவில்லை" என்று கேட்கிறவர்கள், பின்பக்கத்தைக் கல்லில் போதுமான அளவு தேய்க்காதவர்கள்தான்.

பட்டறையில் இடமே இல்லை, ஒன்றுதான் வாங்குவேன் என்றால் இதை வாங்குங்கள். இன்னும் இரண்டு வரும் என்று தெரிந்தால் சாதாரண 5ஆம் எண் ஜாக்கில் ஆரம்பிப்பதுதான் சரி.

நார் மாறி மாறி ஓடும் மரத்தில் வேலை. இழைத்தால் செதில் செதிலாகப் பிய்கிறது. 55 டிகிரி ஃபிராக் (பிளேடு சாய்ந்து உட்காரும் தாங்கி) வாங்கினால் தீருமா அண்ணா?

தம்பி, காசைச் செலவழிக்கும் முன் பிளேடையும் அதன்மேல் திருகியிருக்கும் சிப் பிரேக்கரையும் (சுருளை மடக்கும் தகடு) சேர்த்துக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் அது பிளேடு விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் மேலே பின்தள்ளி இருக்கும். அந்த இடத்தில் இருந்தால் அது வெறும் பாரம்தான்.

ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் கட்டோ, கவாய் என்ற இரண்டு பேராசிரியர்கள், வெட்டுமுனையில் என்ன நடக்கிறது என்று மிக நெருக்கத்தில் படமெடுத்துக் காட்டினார்கள். சிப் பிரேக்கரை விளிம்புக்கு ஒட்டி வைத்தால், மேலே எழும் சுருளை அது முன்னோக்கி அழுத்துகிறது. பிளேடுக்கு முன்னால் ஓடிப்போய் நாரைப் பிய்க்க அந்தச் சுருளால் முடிவதில்லை.

செய்முறை இப்படி. சிப் பிரேக்கரின் முன் விளிம்பு பிளேடோடு இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், மயிரிழை சந்து இருந்தாலும் சுருள் அதில் நுழைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு அந்த விளிம்பின் முன்முகத்தைக் கொஞ்சம் செங்குத்தாக, 50 டிகிரிக்குக் குறையாமல் தீட்டுங்கள். பிளேடின் மேல் வைத்து, திருகைப் பாதி இறுக்கி, மெல்ல முன்னால் தள்ளுங்கள். சன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால் சிப் பிரேக்கருக்கு முன்னால் பிளேடு ஒரு வெள்ளி நூல் மாதிரி மின்ன வேண்டும், அதற்குமேல் தெரியக்கூடாது. கிட்டத்தட்ட 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். சரியாக அமைந்ததா என்பதைச் சுருளே சொல்லும்: வளையமாகச் சுருண்டு விழாமல், லேசாகக் கசங்கி, நேராக மேலே எழும்பி வரும். முதன்முறை அதைப் பார்த்த அன்று நான் தேவையே இல்லாமல் ஒரு பலகை முழுவதையும் இழைத்துத் தள்ளினேன், அவ்வளவு சந்தோஷம்.

உயர்கோண ஃபிராக்கும் வேலை செய்யும்தான். தள்ளக் கூடுதல் பலம் வேண்டும், மெழுகு தடவிக்கொண்டே இருக்க வேண்டும். சிப் பிரேக்கரை நன்றாகப் பழகிய பிறகும் பிய்ந்தால் அப்போது யோசிக்கலாம்.

ஏ2, ஓ1, பிஎம்-வி11 என்று எஃகு வகைகள் சொல்கிறார்களே, எந்த பிளேடு?

கையால் தீட்டுகிறவருக்கு ஓ1. சீக்கிரம் கூராகும், மெல்லிய விளிம்பு பிடிக்கும், கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கும். ஏ2 அதிக நேரம் தாங்கும், ஆனால் 25 டிகிரியில் விட்டால் நுண்ணிய பொடிப்பொடியாக விளிம்பு உதிரும், 30க்குப் பக்கத்தில் வையுங்கள். வெரிட்டாஸ் 2012இல் கொண்டுவந்த பிஎம்-வி11 தூள் உலோக முறையில் செய்தது. ஏ2வைவிட நீண்ட நேரம் தாங்குகிறது, தீட்டவும் அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. கூடுதல் விலைக்கு நியாயம் செய்கிற ஒன்றாக இதைத்தான் நினைக்கிறேன்.

வெண்கல உடலா, இரும்பு உடலா?

வெண்கலம் துருப்பிடிக்காது, கனமும் கூடுதல். அழகுக்காக வாங்கினாலும் தப்பில்லை. வேர்க்கும் கை உள்ளவருக்கு அது நிஜமாகவே உதவும். மற்றபடி வேலையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

பழைய ஸ்டான்லியைச் சீர்செய்தால் அதே வேலை நடக்குமே, எதற்கு இவ்வளவு காசு?

நடக்கும். லெனார்ட் பெய்லியின் வடிவத்தை ஸ்டான்லி 1869இல் வாங்கியது, இன்றைக்கு விலையுயர்ந்த இழைப்புளிகளில் பலவும் அந்த வடிவத்தின் பிள்ளைகள்தான். பழையதை வாங்கும்போது வாயைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மேல்துருவுக்குப் பயப்பட வேண்டாம், பிளேடின் பின்பக்கத்தில் குழி விழுந்த துரு இருந்தால் மட்டும் புது பிளேடு தேவை. பழைய பிளேடு சுமார் 2 மில்லிமீட்டர்தான், மாற்றாக 3க்கு மேல் தடித்ததைப் போட்டால் சில உடல்களில் வாயை அரம் போட்டு அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

நான் எச்சரிப்பது பழையதைப் பற்றி அல்ல, மலிவான புதியதைப் பற்றி. நான் முதலில் வாங்கிய புது இழைப்புளியின் அடிப்பாகம் நடுவில் குழிந்திருந்தது. அது தெரியாமல் ஒரு வருடம் என் கைதான் சரியில்லை என்று நினைத்து நொந்துகொண்டிருந்தேன். கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு நல்ல கருவி தருவது இதைத்தான்: தப்பு வந்தால் அது தீட்டுவதிலா, தள்ளுவதிலா என்று தேடலாம், கருவியைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஜப்பானிய கன்னா (மர இழைப்புளி) எப்படி?

இழுத்து வேலை செய்வது, ஓக் மரத்தில் செய்த உடல், ஆழத்தைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய வேண்டும். ஈரம் கூடிக் குறையும்போது மர உடலும் அசையும், அடிப்பாகத்தை அவ்வப்போது சுரண்டிச் சரிபார்க்கப் பொறுமை வேண்டும். அதில் வரும் பளபளப்புக்கு மேல் மெருகே தேவைப்படாது. இரண்டாவதாக எடுங்கள், முதலாவதாக வேண்டாம்.

4ஆம் எண் இருக்கிறது. அடுத்து 7ஆம் எண் ஜாயின்டரா, பிளாக் பிளேனா?

பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி மேசைப்பரப்பு செய்கிறீர்களா? அப்படியானால் 7. சுமார் 56 செ.மீ. நீளம் இருப்பதால் மேட்டை மட்டும் வெட்டிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டிப் போகும், 4ஆம் எண்ணால் அது ஆகாது, பள்ளத்துக்குள்ளேயும் இறங்கிவிடும். பெட்டி, சட்டம், சின்னச் சாமான் என்றால் பிளாக் பிளேன். ஒரு கையில் அடங்கும், பையில் போட்டுக்கொண்டு போகலாம், பட்டறையில் நான் ஒரு நாளில் அதிகத் தடவை கையில் எடுப்பது அதைத்தான். வாய் திறந்து மூடுகிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள்.