ஸ்பானிஷில் பாடியே பாடகர் பேட் பன்னி உலகப் புகழ் பெற்றது எப்படி?

அவர் பாடும் இசைக்கு லத்தீன் அர்பன் என்று பெயர். ரெகேட்டன், லத்தீன் டிராப் போன்ற, லத்தீன் அமெரிக்க நகரத்து இளைஞர் இசைக்கான பொதுப்பெயர் அது. ரெகேட்டனின் உயிர் அதன் தாளம். ஜமைக்காவில் பிறந்த அந்தத் தாளம், பனாமா வழியாக வந்து, கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்தது.

பேட் பன்னியும் அந்தத் தீவுக்காரர்தான். சொந்த ஊரான வேகா பாஹாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே, தன் பாட்டுகளை சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளத்தில் ஏற்றிவந்தார். 2016-ல் அப்படி ஏற்றிய ஒரு பாட்டுதான் தயாரிப்பாளர்கள் காதில் விழுந்தது. அப்புறம் 2020, 2021, 2022 என மூன்று வருடமும், பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் உலகிலேயே அதிகம் கேட்கப்பட்ட கலைஞர் அவர்தான்.

சரி, இது எப்படி நடந்தது? முன்பெல்லாம் அமெரிக்க ரேடியோ வழிவிட்டால்தான் உலகம் கேட்கும். அதற்காகவே பல லத்தீன் அமெரிக்கப் பாடகர்கள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். மெயின் ரோட்டில் கடை போட்டால்தான் வியாபாரம் என்ற நிலை மாதிரி. இணையத்திலேயே பாட்டு கேட்கும் ஸ்ட்ரீமிங் வந்ததும், சந்துக்குள் இருக்கும் நல்ல டீக்கடையைத் தேடி ஆட்கள் வருவதுபோல, கேட்பவர்களே தேடி வந்தார்கள். ஸ்பானிஷ் பேசுபவர்களே உலகில் நாற்பது கோடிக்கு மேல். அவர் தன் தீவின் கொச்சைப் பேச்சைக்கூட மாற்றவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஸ்பானிஷில் பாடுவதால் அவரை ஸ்பெயின்காரர் என்றோ, அமெரிக்காவுக்கு வெளிநாட்டவர் என்றோ பலர் நினைக்கிறார்கள்; புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆளுகைக்கு உட்பட்ட தீவு, அவர் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன்.