குப்பைப் புகார் யாருக்கு எழுதுவது?

கேள்வி: தெருமுனையில் குப்பை குவிகிறது என்று அரசின் புகார் எண் 1100-க்குச் சொன்னேன். 'எங்கள் எல்லைக்குள் வரவில்லை' என்று புகாரை முடித்துவிட்டார்கள். இனி யாரிடம் போவது?
- வாசகி, விளவங்கோடு வட்டம்

பதில்: குமரி மாவட்டத்தில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, வீடுகள் போய்க்கொண்டே இருக்கும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்றுகூட இருக்கும். அதனால் உங்கள் வீட்டு ரசீதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குப்பைக்கு மிக அருகில் இருக்கும் வீட்டின் வரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள். அதில் இருக்கும் உள்ளாட்சியின் பெயர்தான் விலாசம்.

பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், நகராட்சி என்றால் ஆணையாளர். ஊராட்சி என்றால் முதலில் ஊராட்சிச் செயலர், அங்கே அசையாவிட்டால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்). ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. இரண்டு பேர் உண்டு. 'கிராம ஊராட்சிகள்' என்று சேர்த்து எழுதாவிட்டால் மனு மேசை மாறிப் போய்விடும்.

இடத்தை 'டீக்கடை பக்கம்' என்று எழுதினால் பணியாளர் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார். பக்கத்து மின்கம்பத்தில் பெயின்டில் ஓர் எண் இருக்கும், அதை எழுதுங்கள். படம் இரண்டு போதும்: கம்பமும் குப்பையும் சேர்ந்து தெரிய ஒன்று, என்ன குப்பை என்று தெரியக் கிட்டத்தில் ஒன்று.

வேலை நடக்காமலே 'முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தால், அன்றே அதே கோணத்தில் மறுபடி படமெடுத்து, பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய புகார் கொடுங்கள். திங்கள்தோறும் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளுக்கும் போகலாம். மனு ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். அதன்பிறகும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. 'ஏன் அள்ளவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த மனு எந்தத் தேதியில் யாரிடம் போனது, அவர் எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி: ஓடையைத் தோண்டிய சகதியைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இது சரியா?
- வாசகர், கல்குளம் வட்டம்

பதில்: ஈரச் சகதியை உடனே வண்டியில் ஏற்றினால் வழியெல்லாம் ஒழுகும். ஓரிரு நாள் உலரவிடுவது வழக்கம்தான். அதற்குமேல் கிடந்தால் தப்பு. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஒரு மழை போதும், தோண்டியது முழுக்க ஓடைக்கே திரும்பிவிடும். 'ஓடை அடைப்பு' என்று புகார் கொடுத்தால் தோண்டியாயிற்று என்று முடித்துவிடுவார்கள். 'தோண்டிய சகதி அகற்றப்படவில்லை' என்றே எழுதுங்கள். தெரு ஓடை உள்ளாட்சியின் பொறுப்பு. பாசனச் சானல் என்றால் நீர்வளத் துறை. அதன் கரையில் ஊர்க்குப்பையும் சேர்ந்து கிடந்தால் இரண்டு இடத்துக்கும் தனித்தனி மனு.

கேள்வி: ராத்திரியில் வண்டியில் வந்து கோழிக்கழிவு கொட்டுகிறார்கள்.
- வாசகர், அகஸ்தீஸ்வரம் வட்டம்

பதில்: காலையில் உள்ளாட்சியிடம் சொன்னால் பிளீச்சிங் பவுடர் தூவிப் புதைப்பார்கள், அவ்வளவுதான். வண்டியைப் பிடிக்கப் போலீஸ்தான் வேண்டும். வண்டி நிற்கும்போதே 100 அல்லது 112-க்குச் சொல்லுங்கள்: பதிவெண், நிறம், எந்தப் பக்கம் போகிறது. மறிக்கப் போகாதீர்கள். எண் முழுதாகத் தெரியாவிட்டால் கடைசி நான்கு இலக்கமும் நேரமும் போதும். வழியில் உள்ள கடைகளின் கேமராவில் மீதியைத் தேடலாம். அந்தப் பதிவு அழிவதற்குள் மறுநாளே ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.