சர்வாதிகாரிகளுடன் பேசலாமா?

அன்புள்ள ஐயா,

2021 மார்ச் 27 அன்று மியான்மரின் ராணுவ தின அணிவகுப்புக்கு இந்தியாவும் பிரதிநிதியை அனுப்பியது என்று படித்தேன். அதே நாளில் ராணுவம் நூறு பேருக்கும் மேல் சுட்டுக் கொன்றிருக்கிறது. ஒரு ஜனநாயக நாடு இதைச் செய்யலாமா? சர்வாதிகாரிகளோடு உறவே வேண்டாம் என்று ஒதுங்கிவிட முடியாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அணிவகுப்புக்குப் போயிருக்கவே கூடாது. ஆனால் ஒதுங்கிவிட முடியாதா என்ற கேள்விக்கு, முடியாது என்றுதான் சொல்வேன்.

இந்தியா ஒதுங்கிப் பார்த்திருக்கிறது. 1988இல் மியான்மர் ராணுவம் மாணவர் எழுச்சியை நசுக்கியபோது வெளிப்படையாக மக்கள் பக்கம் நின்றது. தப்பி வந்த மாணவர்களுக்கு இடம் கொடுத்தது, அங்கே ஜனநாயகத்துக்காகப் போராடிய ஆங் சான் சூகிக்கு நேரு விருது தந்தது. ஜெனரல்கள் அசையவில்லை, சீனாவை நெருங்கினார்கள். எல்லையோ 1,643 கிலோமீட்டர். வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் அந்தப் பக்கத்துக் காடுகளில் முகாம் போட்டிருந்தன. யாரிடம் போய்ப் பேசுவது? நரசிம்ம ராவ் காலத்தில் ராணுவ ஆட்சியோடு பேச்சு தொடங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. பேசுவதற்காக வாயை மூடிக்கொள்ளப் பழகிவிடுகிறோம். 1971இல் அமெரிக்க அதிபர் நிக்சனுக்குச் சீனாவை எட்ட பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் தேவைப்பட்டார். அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் டாக்காவில் அவருடைய ராணுவம் கொலைகள் செய்துகொண்டிருந்தது. அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், சக அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்ட கண்டனத்தை ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனுக்கு அனுப்பினார். அவரைத்தான் பதவியிலிருந்து மாற்றினார்கள். ஜூலையில் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தானிலிருந்து ரகசியமாகப் பீஜிங் போய்ச் சேர்ந்தார். சீனாவோடு பேசியது உலகத்துக்கு நல்லதுதான். அந்த மௌனத்துக்கான விலையை மட்டும் வங்காளிகள் கொடுத்தார்கள். இதை எந்த ராஜதந்திரக் கணக்காலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சரி, பொருளாதாரத் தடை? இராக்கில் தொண்ணூறுகள் முழுக்க மக்கள் வாடினார்கள், சதாம் நாற்காலியில் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் அதே ஆயுதம் வேலை செய்தது. அங்கே தடை போடச் சொன்னதே நிறவெறியை எதிர்த்த மக்கள் இயக்கம்தான். ஒரு தடை வேண்டுமா என்று அந்த நாட்டு மக்களைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

மியான்மர் விஷயத்திலும் இந்தியாவுக்கு வழி இருந்தது. எல்லைப் பாதுகாப்பு பற்றி அதிகாரிகள் பேசிக்கொண்டே இருக்கலாம். மேடையில் போய் உட்கார வேண்டியதில்லை. அன்று ஆள் அனுப்பியவை எட்டு நாடுகள்தான். அதே மாதத்தில் மியான்மரிலிருந்து மிசோரமுக்கு மக்கள் தப்பி வந்தார்கள். அகதி அந்தஸ்து தர மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்றது மத்திய அரசு. இவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது, அடைக்கலம் கொடுங்கள் என்று முதல்வர் சோரம்தங்கா பிரதமருக்கு எழுதினார். டெல்லி அந்தக் கடிதத்தை ஏற்றிருக்க வேண்டும். உயிருக்குப் பயந்து வந்தவர்களுக்கு இடம் கொடுக்க எந்த ஜெனரலின் சம்மதமும் தேவையில்லை.