இதெல்லாம் ஒரு வேலையா?

கேள்வி: என் அக்கா மகள் பி.ஏ. முடித்துவிட்டாள். நிறம், சாதி பார்ப்பதை எதிர்த்து வகுப்பெடுக்கப் போகிறாளாம், டிவியில் பேசப் போகிறாளாம். அதுதான் தொழிலாம். இதெல்லாம் ஒரு வேலையா? நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?
- ஒரு தாய்மாமன், தேவிபட்டினம்

பதில்: வேலையா என்று மட்டும் கேட்டிருந்தால் சம்பளக் கணக்கோடு முடித்திருப்பேன். நாலு பேரையும் நீங்களே இழுத்து வந்துவிட்டீர்கள்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்று ஒரு சிற்றூர். 1968 ஏப்ரல் 4 அன்று, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவ்வூர் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஜேன் எலியட், நிறம் பார்த்து ஒதுக்குவது எப்படி வலிக்கும் என்று காட்ட, தன் வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கண்ணின் நிறம் பார்த்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறக் கண் உசத்தி. மற்ற நிறக் கண்ணுக்கு அடையாளப் பட்டை. காலையில் கூடி விளையாடியவர்கள் கொஞ்ச நேரத்தில் ஏளனம் பேச ஆரம்பித்தார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தடுமாறினார்கள். அப்புறம் முறையை மாற்றினார், உசத்தி தாழ்த்தியானது. பிள்ளைகளை இப்படிக் கலங்கடிக்கலாமா என்ற கேள்வி இன்றும் உண்டு, நியாயமான கேள்விதான். அதே ஆண்டு டிவி அவரை அழைத்தது. திரும்பி வந்தால் ஊர் முகம் கொடுக்கவில்லை. சிரிப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அவர் பிள்ளைகளையும் சேர்த்து வதைத்தார்கள். ஆனாலும் அவர் பல ஆண்டுகள் அதே ஊரில் பாடம் நடத்தினார். 1980களில்தான் வேலையை விட்டு, நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பயிற்சி தருவதை முழுநேரத் தொழிலாக்கினார். முதலில் வகுப்பறை, பிறகுதான் கேமரா. உங்கள் மருமகள் கவனிக்க வேண்டியது இந்த வரிசையை.

அங்கே பட்டையை டீச்சர் கட்டவைத்தார். இங்கே பிள்ளைகளே சாதியைக் காட்டக் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதைத் தடை செய்யச் சொல்லி நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்தைப் பார்த்த உங்கள் மாவட்டத்தில் இதற்கு ஆள் தேவையில்லை என்கிறீர்களா?

நிறத்துக்கு வருவோம். பாம்பன் பக்கம் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். உப்பிலும் வெயிலிலும் கறுத்துக் கரையேறுகிறவர் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கூட முதலில் விசாரிப்பது, ‘பொண்ணு கலரா?’

வருமானம் என்றால், டிவி விவாதத்தை நம்பி அடுப்பு எரியாது. பி.எட்., சட்டம், சமூகப்பணி, ஏதாவது ஒன்றைப் படிக்கட்டும். அதில் சோறு, மற்றதில் பேச்சு. தாய்மாமன் சீருக்கென்று ஏதாவது எடுத்து வைத்திருப்பீர்கள் அல்லவா? முதல் வருஷக் கட்டணத்தை அதிலிருந்து கட்டுங்கள்.