கோடு போட்ட கிரில் சட்டி எதற்கு உதவும்?

கேள்வி: என் மகன் வாங்கித் தந்த வார்ப்பிரும்பு கிரில் சட்டியில் மீன் வறுத்தேன். மசாலா எல்லாம் கோடுகளுக்கு நடுவே இறங்கிக் கரிந்தது, மீனும் பிய்ந்துவிட்டது. தோசையும் வரவில்லை. இதை என்ன செய்வது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: தோசைக்கு மேடுபள்ளமில்லாத கல்தான் வேண்டும், அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இந்தச் சட்டியில் உணவு மேடுகளின் மீது மட்டுமே படும். மற்ற பகுதி கீழிருந்து எழும் அனலில் வேகும். பள்ளத்தில் வழிவது எதுவானாலும் கரியத்தான் செய்யும் என்பதால், நாம் மீனுக்குக் குழைத்துப் பூசும் மசாலா இதற்கு ஒத்துவராது.

அதற்காக மீனைக் கைவிட வேண்டியதில்லை. துறைமுகத்தில் வஞ்சிரம் வாங்கும்போது ஒரு விரற்கடை கனத்துக்குத் துண்டு போடச் சொல்லுங்கள். உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சிறிது எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைத் தடவி அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்தபின், எண்ணெயை மீனின் மேலேயே தடவுங்கள். சட்டியில் ஊற்றினால் அது பள்ளத்தில் தேங்கிப் புகையுமே தவிர மீனுக்குப் பயன்படாது. மிதமான தீயில் ஐந்து நிமிடமாவது சட்டி காய்ந்து, தெளித்த நீர் சட்டென்று சுண்டும்போது துண்டுகளை வையுங்கள். பிறகு மூன்று, நான்கு நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் சிவந்ததும் மீன் தானாகவே சட்டியை விட்டுப் பிரியும். கரண்டியால் தூக்கும்போது ஒட்டிக்கொண்டால் இன்னும் பக்குவமாகவில்லை என்று பொருள். நெத்திலியைப் பழைய தோசைக்கல்லுக்கே விட்டுவிடலாம்.

கத்தரிக்காய் வட்டங்கள், குடைமிளகாய், பன்னீர், தட்டையாகத் தட்டிய எலும்பில்லாத கோழிக்கறி ஆகியவையும் இதில் நன்றாக வரும். எனக்கு மிகவும் பிடித்தது ரொட்டிதான். புதுச்சேரி போய் வருபவர்களிடம் நீள பிரெஞ்சு ரொட்டி வாங்கிவரச் சொல்லி, மறுநாள் அது விறைத்ததும் சரிவாக நறுக்கி, வெண்ணெய் தடவிச் சுட்டுப் பாருங்கள். கொழுப்பு வடிந்துவிடுவதால் உடம்புக்கு நல்லது என்று கடையில் சொல்வது கொழுப்புள்ள கறிக்கு ஓரளவு பொருந்தும். கத்தரிக்காயில் வடிவதற்கு என்ன இருக்கிறது?

வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றி, தேங்காய் நாரால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்துக் கழுவுங்கள். கொதிக்கும் சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் துரு விரைவில் ஏறிவிடும். எனவே கழுவியவுடன் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து எடுத்து வையுங்கள்.