கோச்சிங், மென்டரிங் இரண்டும் ஒன்றா?

வேலையிடத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்களுக்குக் கோச்சிங், மென்டரிங் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

மென்டர் அந்தப் பாதையில் முன்னே நடந்தவர். தன் அனுபவத்தைச் சொல்லித் தருவார். கோச் கேள்வி கேட்டு, பதிலை உங்களையே கண்டுபிடிக்க வைப்பவர். ஹங்கேரியில் கோச் என்ற ஊரின் குதிரை வண்டியிலிருந்து வந்த சொல் அது. வண்டி, ஏறியவர் போக நினைக்கும் இடத்துக்குத்தானே போகும்!

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் நாள் கொழுந்து எடுக்க வந்த பிள்ளையின் விரலைப் பிடித்து, "இரண்டு இலை, ஒரு மொட்டு, இப்படிக் கிள்ளு" என்று பக்கத்து நிரைப் பெரியம்மா காட்டுவார். அது மென்டரிங்.

அதே பிள்ளை பிறகு கங்காணி, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவள், ஆகிறாள். வயதில் மூத்தவர்கள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஒருவர் அவளிடம், "கடைசியாக எப்போது கேட்டார்கள்? அன்றைக்கு நீ என்ன செய்தாய்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்கிறார். அவள் யோசிக்கிறாள். "கொழுந்து நிறுக்கும்போது தராசை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன்." இது கோச்சிங்.

கொழுந்து கிள்ளச் சரியான முறை உண்டு, காட்டிவிடலாம். ஆட்களை நடத்துவதற்கு அப்படி ஒரே முறை கிடையாது. அப்புறம், தானே கண்டுபிடித்த வழியை யாரும் எளிதில் கைவிடுவதில்லை. அதனால்தான் கேள்வி.

வேலை சரியாகச் செய்யாதவரைத் திருத்தத்தான் கோச்சிங் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகச் செய்பவர்களும் இன்னும் மேலே போக அதைத் தேடிப் போகிறார்கள்.