விலை குறைந்த பெட்ரோல் பல்நோக்குத் தோட்டக் கருவி வீட்டுக்கு ஏற்றதா?

ஒரே எஞ்சினில் புல்வெட்டி, செடிவேலி கத்தரிக்கும் கருவி, உயரக் கிளை அறுக்கும் சங்கிலி வாள் ஆகியவற்றை மாற்றிப் பொருத்தும் மலிவான கருவியை வீட்டுக்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டம் பெரிதாக இருந்து, அவ்வப்போது புதர் மண்டிய இடத்தைச் சீர்செய்ய வேண்டுமானால் வாங்கலாம்; சிறிய புல்தரைக்கு அது வீண் தொல்லை.

இவற்றில் பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் என்பதால், கையேடு கூறும் விகிதத்தில் பெட்ரோலுடன் இவ்வகை எஞ்சினுக்கான மசகெண்ணெயான 2டி எண்ணெயைக் கலக்க வேண்டும். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. எண்ணெய் மிகக் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். மிகுந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். ஆனால் வீட்டில் இக்கருவிகளைப் பெரும்பாலும் கெடுப்பது உழைப்பன்று, ஓய்வுதான்: மாதக்கணக்கில் டாங்கில் தேங்கிய கலவை, பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாகப் படிவதாலும், அதன் மெல்லிய சவ்வு விறைத்துப்போவதாலும், அடுத்த முறை கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது. ஆகவே நெடுநாள் வைப்பதற்கு முன் டாங்கைக் காலிசெய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

எனக்கு எஞ்சினைவிட, கருவிகளை மாற்றிப் பொருத்தும் தண்டு இணைப்புகள் மீதே ஐயம் அதிகம். மலிவான கருவிகளில் அந்த இணைப்பு தளர்ந்து ஆடினால் அதிர்வு கூடும். நீட்டிய தண்டின் முனையில் சுழலும் சங்கிலி வாளைத் தலைக்கு மேல் தாங்குவது பழகாத கைகளுக்கு ஆபத்தானது. கண் கவசமும் காதுக் காப்பும் கட்டாயம் வேண்டும். கார்புரேட்டர், கிளட்ச் போன்ற உதிரிபாகங்கள் தனியாகக் கிடைக்காத கருவியை, விலை எவ்வளவு குறைவாயினும், நான் வாங்கமாட்டேன்.